வகுப்பறையில் சினிமா: கொங்குப் பகுதி ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோடு மாவட்டத்தில் சக ஆசிரியர்களும், பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அப்பா அம்மாக்களும் என்னிடம் கேட்டவை இவை. நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுப்பவள். அதனால் வரலாறும் புவியியலும் இங்கே கொஞ்சம் கூடுதலாக இடம் பிடித்திருக்கும். மற்ற பாட ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் போட்டுக்கொண்டிருந்தால் போர்ஷனை எப்போது முடிப்பது?

முழுப் படம் போட்டால் முடியாதுதான். இரண்டரை மணி நேரப் படத்துக்கு நாலு பீரியட் போய்விடும். முதல் பாதியைப் பார்த்தவன் மறுபாதியன்று லீவு போட்டிருப்பான். நான் முழுப் படம் போடுவது அபூர்வம். ஒரு பீரியடுக்கு ஆறேழு நிமிடக் காட்சி ஒன்று போதும். மிச்ச நேரமெல்லாம் பேசவும் எழுதவும்தான்.

மழை வந்து விளையாட்டு பீரியட் ரத்தானாலோ, கணக்கு சார் லீவு போட்டாலோ, தேர்வு முடிந்து பிள்ளைகள் சும்மா இருந்தாலோ பென் டிரைவைச் செருகிப் படத்தை ஓடவிடுவது பல பள்ளிகளில் நடப்பதுதான். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கற்பித்தல் என்று பதிவேட்டில் எழுத வேண்டாம். வகுப்பில் படம் என்றாலே தலைமை ஆசிரியர் முகம் சுளிப்பதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம்.

அரசே மாதம் ஒரு படம் போடச் சொல்லியிருக்கிறதே, அது வேறா?

வேறுதான். 2022-ல் பள்ளிக் கல்வித் துறை, அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சிறார் படம் காட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் நோக்கம் ரசனை. நல்ல படம் எப்படி இருக்கும் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிய வேண்டும், பார்த்ததைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரிய வேண்டும். அதை முழுசாகத்தான் காட்ட வேண்டும். நான் இங்கே சொல்வது பாடத்துக்குள் காட்சியைக் கொண்டுவருவது. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டும் கெட்டுப்போகும்.

ஆறு நிமிடக் காட்சியை வைத்து ஒரு பீரியட் ஓட்ட முடியுமா?

முடியும், கேள்வியை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டால். கேள்வி இல்லாமல் போட்டால் பிள்ளைகள் படம் பார்ப்பார்கள். கேள்வியோடு போட்டால் தேடுவார்கள்.

முதல் தடவை ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். வசனமும் பின்னணி இசையும் போனதும் யார் எங்கே நிற்கிறார்கள், யார் கை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குப் பட ஆரம்பிக்கும். இரண்டாவது தடவை ஒலியோடு. மூன்றாவது தடவை, வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்தி. ஒரே காட்சியை மூன்று தடவை பார்த்தால் சலிக்காதா என்று கேட்பார்கள். பிடித்த காமெடியை நம் பிள்ளைகள் போனில் எத்தனை தடவை பார்க்கிறார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

வரலாற்றுப் படங்களில் தப்பும் தவறுமாக இருக்கிறதே, அதைக் காட்டலாமா?

அதற்காகத்தான் காட்ட வேண்டும் என்பேன். தப்பே இல்லாத படம் கிடைத்தால் அதை வைத்து வகுப்பில் செய்ய அதிகம் இல்லை.

1959-ல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் ஜாக்சன் துரையோடு மோதும் காட்சி எல்லோருக்கும் தெரியும். ஆண்டு விழா மேடையில் அந்த வசனத்தைப் பேசாத பள்ளி உண்டா? 8-ஆம் வகுப்பு பாடத்தில் அதே சந்திப்பு வருகிறது. 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில், கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை மூன்று மணி நேரம் நிற்க வைத்தார் என்று பாடநூல் சொல்கிறது. படத்தில் அவர் கர்ஜிக்கிறார், வெள்ளைக்காரன் வாயடைத்துப் போகிறான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘எங்கெங்கே வித்தியாசம்?’ என்ற ஒரே கேள்வியைக் கொடுத்தேன்.

பின்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, “அப்ப படம் பொய்யுங்களா டீச்சர்?” என்றான். வகுப்பே அமைதியாகிவிட்டது. அவனுக்கு நிஜமாகவே வருத்தம், அந்த வசனத்தை மனப்பாடமாக ஒப்பிப்பவன் அவன். வசனத்தை எழுதியவர் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி என்றும், படத்துக்கு முன்னால் அது நாடகமாக மேடையேறியது என்றும் சொன்னேன். அப்புறம் படம் வந்த ஆண்டைக் கரும்பலகையில் எழுதி, சுதந்திரம் கிடைத்து எத்தனை வருஷம் என்று கேட்டேன். பன்னிரண்டு. வெள்ளைக்காரன் ஆட்சியைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எப்படிப்பட்ட கட்டபொம்மன் வேண்டியிருந்தான்? அதற்குமேல் நான் அதிகம் பேசவில்லை, பிள்ளைகளே பேசினார்கள். கட்டபொம்மன் தூக்கிலேறிய 1799-ஐத் தெரிந்துகொள்ள அந்தப் படம் போதாது. 1959-ஐத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது கஷ்டம்.

கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 1961-ல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் வ.உ.சி. சிறையில் செக்கிழுக்கும் காட்சி இருக்கிறது. 1908-ல் தண்டனை பெற்ற அவர் செக்கிழுத்தது கோவை மத்திய சிறையில். அந்தச் செக்கும் கோவையில்தான் இருக்கிறது. பூங்காவுக்கும் மைதானத்துக்கும் அவர் பெயரை வைத்துவிட்டு, அவர் மாடு போல இழுத்த ஊர் இது என்று சொல்லிக்கொடுக்காமல் விட்டிருக்கிறோம். காட்சியைப் போடும் முன், ஒரு சுற்று சுற்ற எத்தனை அடி நடக்க வேண்டும், வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பிள்ளைகளையே யோசித்து எழுதச் சொல்லுங்கள்.

அறிவியலுக்கு?

நம் சண்டைக் காட்சிகளைவிட நல்ல இயற்பியல் பயிற்சி கிடையாது. கதாநாயகன் மூன்று மாடிக் கட்டடத்திலிருந்து குதிக்கிறான். தோராயமாக 10 மீட்டர். பிள்ளைகள் போன் ஸ்டாப்வாட்சை வைத்து அளந்தால், குதித்ததிலிருந்து தரையைத் தொடும்வரை திரையில் ஆறு விநாடி ஓடியிருக்கும். 9-ஆம் வகுப்புச் சமன்பாட்டில் போட்டால் 10 மீட்டர் விழ 1.4 விநாடிதான் ஆக வேண்டும். சரி, ஆறு விநாடி விழ எவ்வளவு உயரம் வேண்டும்? சுமார் 176 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அதிலிருந்து குதித்துவிட்டு அவர் பஞ்ச் வசனம் வேறு பேசுகிறார். இதை ஒருதடவை செய்தவர்களுக்குச் சமன்பாடு மறக்காது.

பாட்டுக் காட்சிகளால் ஏதாவது பயன் உண்டா?

புவியியலுக்கு நிறைய. நம் ஊரே ஒரு படப்பிடிப்புத் தளம்தான். கோபியை, அதாவது கோபிச்செட்டிபாளையத்தை, சின்னக் கோடம்பாக்கம் என்று சொன்ன காலம் உண்டு. கொடிவேரி, பவானிசாகர், ஆழியாறு, பொள்ளாச்சித் தென்னந்தோப்பு எல்லாம் வராத பழைய கிராமத்துப் பாட்டு குறைவு. ஒரு பல்லவியில் நாயகி நெல் வயலில் ஓடுவாள், அடுத்த வரியில் தென்னந்தோப்பில் திரும்பிப் பார்ப்பாள். படத்தில் அது ஒரே கிராமம். வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு மாவட்டமே இருக்கும்.

பாட்டை நிறுத்தி, இங்கே ஏன் நெல், அங்கே ஏன் தென்னை என்று கேளுங்கள். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாய்வதால் கோபியில் நெல். பொள்ளாச்சிக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத் தண்ணீரும். கீழ்பவானிக் கால்வாய் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது என்று புத்தகத்தில் படித்தால் தலைக்கு மேலே போகும். “டீச்சர், அது எங்க தாத்தா தோட்டத்து மதகுங்க” என்று ஒரு பிள்ளை திரையைக் காட்டிச் சொன்னால், அடுத்த பத்து நிமிடம் பாடம் தானாக நடக்கும்.

கொங்கு நாட்டுக் கிராமத்துப் படங்களை நம் பண்பாடு என்று காட்டலாமா?

கவனம். பெரிய வீட்டுத் திண்ணை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஊரே கைகட்டி நிற்கத் தீர்ப்புச் சொல்லும் பெரியவர். இந்த மாதிரிப் படங்களை நம் பக்கத்தில் நிறைய எடுத்திருக்கிறார்கள், நம் ஆட்கள் ஆசையாகப் பார்த்தும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் வகுப்பில் திண்ணையில் உட்கார்ந்தவர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும், கைகட்டி நின்றவர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும். ‘இதுதான் நம் பாரம்பரியம்’ என்று சொல்லி விளக்கை அணைத்தால், இரண்டாவது பிள்ளை அந்த இருட்டில் என்ன நினைக்கும்?

காட்டவே கூடாது என்று சொல்லவில்லை. பஞ்சாயத்துக் காட்சி ஒன்றை ஒலி இல்லாமல் ஓட்டி நிறுத்தினேன். கேள்வி இதுதான்: உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர், நிற்பவர்கள் எத்தனை பேர், யார் யாருக்குப் படத்தில் பெயர் இருக்கிறது? எண்ணிக்கொண்டே வந்த ஒரு பெண், “நிக்கறவங்களுக்குப் பேரே வைக்கலீங்க டீச்சர்” என்றாள். அப்புறம் இன்னொருத்தி, “பொம்பளைங்க எல்லாம் கதவுக்குப் பின்னாடிங்க” என்றாள். அதற்கு மேல் நான் விளக்கவில்லை. குடிமையியலில் சமத்துவம் என்ற பாடத்துக்கு அன்றைக்கு வேறு முன்னுரை தேவைப்படவில்லை. ஆனால் ஒன்று: எந்தப் பிள்ளையையும் பார்த்து ‘உங்க வீட்ல எப்படி?’ என்று கேட்கவே கூடாது. கேள்வி திரையோடு நிற்க வேண்டும்.

வட மாநிலக் குழந்தைகள் வகுப்பில் இருக்கிறார்கள், தமிழ் சரியாக வராது. அவர்களுக்கு?

திருப்பூர், பெருந்துறை, பல்லடம் பக்கம் இது இப்போது எல்லா ஆசிரியருக்கும் உள்ள கேள்வி. பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள். இவர்களுக்குப் பேச்சே இல்லாத படங்கள் பெரிய வரம். சாப்ளினின் ‘தி கிட்’ 1921-ல் வந்த மௌனப் படம். 1956-ல் வந்த ‘தி ரெட் பலூன்’ 34 நிமிடம்தான் ஓடும், வசனம் இல்லாத மாதிரிதான். ஒரு பையனும் அவன் பின்னாலேயே வரும் சிவப்பு பலூனும். இது முழுசாகப் போடக்கூடிய படம், ஒரு பீரியடுக்குள் அடங்கும்.

படம் முடிந்ததும் கதையை வாயால் சொல்லச் சொல்லுங்கள். நம் பிள்ளை தமிழில் ஒரு வரி, ஒடியாப் பிள்ளை தன் மொழியில் ஒரு வரி, மறுபடி தமிழில். வார்த்தை வராத இடத்தில் கையைக் காட்டுவார்கள். கதை இருவருக்கும் தெரியும் என்பதால் மொழி தெரியாதவனுக்கு வகுப்பில் முதல்தடவையாக ஒரு சம அந்தஸ்து கிடைக்கிறது. கட்டுரை எழுதச் சொல்வதைவிட இதில் தமிழ் சீக்கிரம் ஏறுகிறது என்பது என் அனுபவம்.

நம் ஊர் சினிமா வரலாற்றையே பாடமாக்கலாமா?

தாராளமாக. திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். அப்புறம் கோவையில் நிலைத்து வெரைட்டி ஹால் கொட்டகையைக் கட்டினார். வெரைட்டி ஹால் ரோடு என்று தினமும் சொல்கிறோமே, அந்தப் பெயர் அதிலிருந்து வந்ததுதான். சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம் ‘ராஜகுமாரி’ (1947) அங்கே எடுத்ததுதான். சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். தமிழின் முதல் முழு வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் அங்கிருந்து வந்தது. ஏற்காடு போகும் வழியில் அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது.

பிள்ளைகளை அவரவர் தாத்தா பாட்டியிடம், அப்பிச்சி அம்மாயியிடம் அனுப்பி, ஊரில் எந்தக் கொட்டகை இருந்தது, டிக்கெட் எவ்வளவு, தரை டிக்கெட்டில் பெண்களுக்குத் தனி இடம் இருந்ததா, இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் கல்யாண மண்டபம் என்று பதில் வரும்.

பள்ளியில் படம் போடுவது சட்டப்படி சரியா?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் இதற்கு விலக்கு இருக்கிறது. கல்வி நிறுவனத்தின் செயல்பாடாக, அங்குள்ள ஆசிரியர்கள், மாணவர்கள், மாணவர்களின் பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி படம் காட்டுவது பதிப்புரிமை மீறல் ஆகாது. ஊர் மக்களையெல்லாம் கூப்பிட்டு மைதானத்தில் திரை கட்டினால் அந்த விலக்கு நிற்காது. உங்கள் சொந்த ஓடிடி சந்தாவில் போடுவது தனிப் பிரச்சினை. பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனை வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்றுதான் இருக்கும். திருட்டுப் பிரதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காலையில் நேர்மை பற்றிப் பேசிவிட்டு மதியம் கேமராவில் எடுத்த பிரதியை, யாரோ எழுந்து போகும் நிழலோடு காட்டினால் பிள்ளைகள் முதலில் கவனிப்பது அந்த நிழலைத்தான்.

‘யு’ சான்றிதழ் இருந்தால் போதும்தானே?

போதாது. இப்போது ‘யுஏ’ என்பதையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், அது ஓரளவு உதவும். ஆனால் ஒரு பெண் வேண்டாம் என்ற பிறகும் பின்னாலேயே போய்ப் பாடுவதும், கறுப்பாக, குண்டாக இருப்பவரைக் கேலி செய்வதும் ‘யு’ படத்தில் தாராளமாக வரும். காட்டும் பகுதியை மட்டுமில்லை, முன்னும் பின்னும் பத்து நிமிடத்தையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாலை வீட்டுக்குப் போய் முழுப் படத்தையும் போனில் தேடிப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு.

“படம் பார்க்கவா பள்ளிக்கூடம் அனுப்பறோம்?” என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன சொல்வது?

அவர்கள் கேட்பது நியாயம். தறி ஓட்டியோ, ஷிப்டு வேலைக்குப் போயோ படிக்க வைப்பவர்கள். வாதம் செய்யாமல் நோட்டைக் காட்டுங்கள். படம் பார்த்த அன்று பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்தால் பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள். மீதிப் பேரை ஒருநாள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாதவர்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோராக இருப்பார்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

கருவிகள் என்னென்ன வேண்டும்?

ஹைடெக் லேபோ ஸ்மார்ட் போர்டோ இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் ஒரு புரொஜெக்டர், வெள்ளைச் சுவர், நல்ல ஸ்பீக்கர். காசு குறைவு என்றால் ஸ்பீக்கருக்குச் செலவு செய்யுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பார்கள், வசனம் கேட்காவிட்டால் இரண்டே நிமிடத்தில் வகுப்பு சந்தையாகிவிடும். ஜன்னலுக்குத் திரை வாங்க வேண்டாம், அடர் நிறச் சென்னிமலைப் போர்வை இரண்டு போதும். பெஞ்சை ஒதுக்கிவிட்டு பவானி ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்தால் பின்னால் இருப்பவனுக்கு முன்னவன் தலை மறைக்காது. ஆனால் முழு இருட்டாக்காதீர்கள், எழுத வெளிச்சம் வேண்டும், உங்கள் கண்ணில் எல்லோரும் படவும் வேண்டும்.

பார்த்ததற்கு மார்க் போடலாமா?

நான் போடுவதில்லை. மார்க் என்றதும் டீச்சருக்குப் பிடித்த பதில் என்ன என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பிள்ளைகளே படம் எடுக்கலாமா?

எடுக்கட்டும். ஆனால் கதைப்படம் வேண்டாம், சண்டையும் காதலும்தான் வரும். வீட்டிலும் தோட்டத்திலும் நடக்கும் வேலை ஒன்றை, ஐந்தே ஷாட்டில், வசனம் இல்லாமல் எடுத்து வரச் சொல்லுங்கள். தறியில் பாவு நூல் பூட்டுவது, எருமை கறப்பது, இளநீர் வெட்டி லாரியில் ஏற்றுவது, இப்படி. ஒரு பெண் மஞ்சள் வேகவைப்பதை எடுத்து வந்தாள். முதல் ஷாட் ஆவி மட்டும், ஒன்றுமே தெரியாது. இரண்டாவதில் ஆவிக்குள்ளிருந்து அவள் அம்மாவின் கை வந்து ஒரு கிழங்கை எடுத்து, ஒரு குச்சியால் குத்திப் பதம் பார்க்கிறது. மூன்றாவது, களத்தில் கொட்டும்போது. நாலாவது, காய்ந்த மஞ்சளைக் கையில் வைத்து உடைக்கும் சத்தம். ஐந்தாவது, மூட்டையின் மேல் எழுதிய எடை. அந்த ஐந்தாவது ஷாட்டை ஏன் வைத்தாய் என்று கேட்டேன். “அதுக்குத்தானுங்களே டீச்சர் இவ்வளவும்” என்றாள். ஈரோடு மஞ்சள் சந்தை பற்றிய பாடத்தை அதிலிருந்துதான் தொடங்கினேன்.

வேலைக் காட்சி என்பதால் கொதிக்கும் கொப்பரை, ஓடும் இயந்திரம் பக்கத்தில் பெரியவர்கள் இல்லாமல் எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யார் முகத்தை எடுத்தாலும் அவரிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். எடுத்ததை வகுப்பில் பாருங்கள், பெற்றோர் கூட்டத்தில் காட்டுங்கள். யூடியூபிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ பள்ளியின் பெயரில் ஏற்றுவதற்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்குங்கள். முகம் தெரியாமல் கையை மட்டும் எடுத்திருந்தால் இன்னும் நல்லது.